பழைய ஒளிப்பட வில்லைகளும் வழக்கொழிந்த பொருத்திகளும்

வில்லைகளை மாற்றக்கூடிய ஒளிப்படக்கருவிகளில் வில்லையையும் கருவியையும் இணைக்கும் பகுதி பொருத்தி அல்லது மவுண்ட் எனப்படும். ஒரு நிறுவனம் தன் பொருத்தியைக் கைவிட்டால், நல்ல நிலையில் உள்ள வில்லைகளும் புதிய கருவிகளில் பொருந்தாமல் போகின்றன. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கெனான் நிறுவனம் 1987 இல் எஃப்டி பொருத்தியிலிருந்து ஈஎஃப் பொருத்திக்கு மாறிய நிகழ்வாகும்.

பின்னணி

எஃப்டி பொருத்தி 1971 இல் அறிமுகமானது. இதில் வில்லையின் துளையைக் கருவியிலுள்ள நெம்புகோல்கள் இயக்கின. குவியத்தை ஒளிப்படக்கலைஞர் கையால் சரிசெய்தார். 1985 இல் மினோல்டா 7000 தானியங்கிக் குவியத்துடன் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அவ்வாண்டிலேயே கெனான், எஃப்டி பொருத்தியை வைத்துக்கொண்டே டி80 என்னும் தானியங்கிக் குவியக் கருவியை வெளியிட்டது. அது வெற்றி பெறவில்லை.

1987 இல் ஈஓஎஸ் 650 கருவியுடன் ஈஎஃப் பொருத்தி வந்தது. இதில் இயந்திர இணைப்புகள் எதுவும் இல்லை. குவிய மோட்டாரும் துளை இயக்கமும் வில்லைக்குள்ளேயே அமைந்தன; கட்டளைகள் மின்தொடுமுனைகள் வழியாகச் சென்றன. நிக்கான், பென்டாக்ஸ் நிறுவனங்கள் தங்கள் பழைய பொருத்திகளையே தானியங்கிக் குவியத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. கெனான் அவ்வாறு செய்யாததால், பல ஆண்டுகளாக எஃப்டி வில்லைகளை வாங்கிச் சேர்த்திருந்த தொழில்முறைக் கலைஞர்கள் பெரும் இழப்புக்கு உள்ளாயினர். கடைசி எஃப்டி கருவியான டி60, 1990 இல் வெளியானது.

இரண்டு மில்லிமீட்டர் சிக்கல்

பொருத்தியின் முகப்பிலிருந்து படச்சுருள் அல்லது உணரி வரையுள்ள தொலைவு, ஒவ்வொரு பொருத்திக்கும் வேறுபடும். எஃப்டி பொருத்தியில் இது 42 மி.மீ.; ஈஎஃப் பொருத்தியில் 44 மி.மீ. ஆகவே எஃப்டி வில்லையை ஈஎஃப் கருவியில் பொருத்தினால், அது இருக்க வேண்டிய இடத்தைவிடக் குறைந்தது 2 மி.மீ. முன்னால் நிற்கும். அருகிலுள்ள பொருள்கள் தெளிவாகத் தெரியும்; தொலைவிலுள்ள மலையோ கட்டடமோ மங்கலாகவே இருக்கும். இதைச் சரிசெய்ய இணைப்பு வளையத்தினுள் கூடுதல் வில்லை வேண்டும். கெனானே அத்தகைய மாற்றி ஒன்றைச் சில தொலைநோக்கு வில்லைகளுக்காகத் தயாரித்தது.

1949 இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான கான்டாக்ஸ் எஸ் கருவியின் எம்42 திருகுப் பொருத்திக்கு இத்தொலைவு 45.46 மி.மீ. ஆகும். எனவே ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள எளிய வளையம் இருந்தால், எம்42 வில்லைகளில் பெரும்பாலானவை ஈஎஃப் கருவிகளில் முழுமையாகக் குவியும். வேற்று நிறுவனங்களின் பழைய வில்லைகள் பொருந்தின. கெனானின் சொந்த வில்லைகள் பொருந்தவில்லை.

மறுவாழ்வு

ஆடியற்ற கருவிகள் இந்நிலையை மாற்றின. உள்ளே ஆடி இல்லாததால் பொருத்தியை உணரிக்கு மிக அருகில் அமைக்க முடிந்தது. 2008 இல் வந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பொருத்தியில் இத்தொலைவு 19.25 மி.மீ.; 2010 இல் வந்த சோனி ஈ பொருத்தியில் 18 மி.மீ. எஃப்டி வில்லைக்கும் சோனி கருவிக்கும் இடையே 24 மி.மீ. நீளமுள்ள வெற்றுக்குழாய் போதும். கூடுதல் கண்ணாடி வேண்டியதில்லை. சந்தையில் விலை சரிந்து கிடந்த எஃப்டி 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற வில்லைகளை மாணவர்களும் குறும்பட இயக்குநர்களும் தேடி வாங்கத் தொடங்கினர்.

இவற்றில் குவியத்தையும் துளையையும் கையால்தான் அமைக்க வேண்டும். வாங்குமுன் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்துள்ளதா, துளை இதழ்களில் எண்ணெய் கசிந்துள்ளதா என வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். தோரியம் கலந்த கண்ணாடி கொண்ட சில பழைய வில்லைகள் காலப்போக்கில் மஞ்சளாகும். புறஊதா ஒளியில் வைத்தால் அந்நிறம் குறையும்.

இன்றைய நிலை

2018 இல் கெனான் 20 மி.மீ. தொலைவு கொண்ட ஆர்எஃப் பொருத்திக்கு மாறியபோது, ஈஎஃப் வில்லைகளுக்கான இணைப்பு வளையத்தையும் உடன் வெளியிட்டது. அதில் தானியங்கிக் குவியமும் செயல்படுகிறது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. எஃப்டி வில்லையின் துளையை வளையத்தைத் திருப்பியே மாற்றலாம். ஈஎஃப் வில்லையின் துளையோ மின்கட்டளை இன்றி அசையாது. வெற்றுக்குழாய் ஒன்றே பழைய வில்லைகளுக்கு உயிர்கொடுத்தது. இன்றைய வில்லைகள் நாளையும் பயன்பட, அவற்றின் மின்மொழி அறிந்த இணைப்பு வளையமும் தேவைப்படும்.