சாரையின் தோலும் சோளப்பாம்பின் நிறமும்

பழவேற்காடு ஏரியில் எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிக்கலாம் என்பதை முறைவைத்து வகுக்கும் ‘பாடு’ என்ற முறை, மீனவச் சமூகத்தவரான பட்டினவர் ஊர்களின் உரிமையாக நெடுங்காலம் இருந்துவந்ததால், அதே கரையில் குடியிருந்த இருளர் அதற்கு வெளியே நின்று, ஆழமற்ற நீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் சேர்த்தனர். நீர் கைகொடுக்காத காலங்களில் அவர்கள் வரப்பையும் புதரையும் நாடினர். எலி வளையை வெட்டி அது சேர்த்துவைத்த நெல்லை எடுப்பது அவர்களுடைய பழைய தொழில். எலியைத் தேடிச் செல்பவருக்கு, எலியையே இரையாகக் கொள்ளும் சாரைப்பாம்பும் அதே வளையில் அகப்படும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சாரைக்கு வெளிநாட்டில் விலை ஏற்பட்டது. இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய நஞ்சற்ற பாம்பு என்பதால் அதைப் பிடிப்பதில் ஆபத்துக் குறைவாகவும் கிடைக்கும் தோல் நீளமாகவும் இருந்தன; ஆகவே பழவேற்காட்டையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் உரித்துக் கொடுத்த தோல், வியாபாரிகள் கைமாறிப் பதனிடப்பட்டு, கைப்பையாகவும் காலணியாகவும் மேலை நாட்டுக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தோலின் மதிப்பு நீளத்திலும் செதில் வரிசையிலும் இருந்ததே தவிர, உயிரோடிருந்தபோது அந்தப் பாம்பு என்ன நிறம் என்பதில் இல்லை.

நிறத்தைக் கவனித்தவர்கள் ஊர்க்காரர்களே. மஞ்சள் சாரை, கருஞ்சாரை, வெண்சாரை என்று தமிழில் பெயர்கள் வழங்குகின்றன. ஆனால் வாரிசு பற்றிய ஊர்க்கருத்து வேறு திசையில் சென்றது: சாரை ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் பிணைந்தே குஞ்சு பிறக்கிறது என்று நம்பினர். பின்னிப் பிணைந்து நிமிர்ந்து நிற்பதாகக் காணப்படுபவை பெரும்பாலும் பெண்ணுக்காக மல்லுக்கட்டும் இரண்டு ஆண் சாரைகளே. சாரையும் நாகமும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்பதால் அவற்றுக்கிடையே கலப்புக்கு இடமில்லை.

சாரையின் தூரத்து உறவான வட அமெரிக்க எலிப்பாம்பு ஒன்றில்தான் நிறம் ஏட்டில் ஏறியது. ஆரஞ்சு உடலில் கருங்கரையிட்ட செந்திட்டுகளைக் கொண்ட ‘சோளப்பாம்பு’ அது. 1953இல் வட கரோலினாவில் கருமை நிறமி இல்லாத சோளப்பாம்பு ஒன்று பிடிபட்டது. ஜார்ஜியா மாநிலத்துத் தோல்நோய் மருத்துவர் பெர்னார்ட் பெக்டெல் அதை இயல்பான பாம்புடன் இணைத்தபோது குஞ்சுகள் யாவும் இயல்பான நிறத்தில் பிறந்தன. அவற்றை மேலும் இனப்பெருக்கம் செய்ததில், 1961இல் கருமையற்ற குஞ்சுகள் வெளிவந்தன. ஒவ்வொரு குஞ்சும் ஒரு பண்புக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு மரபணுப் பிரதிகளைப் பெறுகிறது. கருமை நிறமியான மெலனினை உண்டாக்கும் பிரதி ஒன்றிருந்தாலே நிறம் வந்துவிடுவதால், பழுதான பிரதி வெளியே தெரியாமல் ஒடுங்கி நிற்கிறது. இதனையே ஒடுங்கு பண்பு என்பர். ஒடுங்கிய பிரதியைத் தாங்கிய இரண்டு பாம்புகள் சேரும்போது சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்றுக்கு இரண்டு பழுதான பிரதிகளும் வந்துசேர்கின்றன. அந்தக் குஞ்சு வெளுத்துவிடுவதில்லை. மெலனின் மட்டுமே போனதால் சிவப்பும் மஞ்சளும் தங்கி, கண் செந்நிறமாகிறது. சிவப்பு நிறமி இல்லாத இன்னொரு வகையும் உண்டு. இரண்டு குறைகளின் ஒடுங்கிய பிரதிகளையும் தாங்கிய பெற்றோருக்குப் பதினாறில் ஒரு குஞ்சு, ஏறக்குறைய வெண்மையாகவே பிறக்கும். ‘பனி’ என்று வளர்ப்போர் அதற்குப் பெயரிட்டனர். இரண்டு மூன்று ஆண்டுகளில் முட்டையிடும் பருவத்தை எட்டும் பாம்பு என்பதால், ஒரு மனிதரின் வாழ்நாளிலேயே பல தலைமுறைகளின் கணக்கை எழுதிவைக்க முடிந்தது. அந்தக் கணக்கே வணிகமாயிற்று.

சாரையிலும் மெலனின் அற்ற தனிப் பாம்புகள் இந்தியாவில் பல இடங்களில் காணப்பட்டுள்ளன. சோளப்பாம்பின் செம்மை சாரைக்கு இல்லாததால் அவை வெளிர்மஞ்சளாகவோ வெண்மையாகவோ தோன்றும். அத்தகைய பாம்பை வளர்த்து வம்சக் கணக்கு எழுத இங்கே வழியில்லாமல் போனது. தோல் வணிகம் ஓங்கியிருந்த காலத்தில் பிடிபட்ட பாம்பு செத்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தையும் 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையையும் அடுத்து, பிடிப்பதே குற்றமாயிற்று. வளர்ப்புக் கலை பிறக்காமற்போனது இழப்பன்று. கூண்டில் நிறம் பெருக்குவதைவிட வயலில் எலி குறைப்பதே சாரையால் ஆகும் பெரும்பயன். வளையின் வாயிலுள்ள தடத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லும் இருளரின் அறிவு போதிய அளவு ஏட்டில் ஏறாததே இழப்பு.

அந்த அறிவுக்கு வேறொரு பிழைப்பு கிடைத்தது. பாம்பியல் அறிஞர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்செடுத்து முறிமருந்துத் தயாரிப்புக்கு அளித்து, பாம்புகளைத் திரும்பவும் காட்டில் விட்டுவருகிறது. கொடுக்க நஞ்சில்லாத சாரைக்கு அங்கே வேலையில்லை.

நிறத்துக்கான சந்தை பிறகு எதிர்த்திசையில் வந்தது. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து, உரிமை கோருவாரின்றிக் கிடந்த பைகளில், பந்து மலைப்பாம்புகளோடு சோளப்பாம்புகளும் இருந்தன. சுங்கத்துறை அவற்றைப் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பியது.