பானெத் உயிரணுக்கள்: குடற்குழியின் அடியில் ஒரு நூற்றாண்டு

சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் அடிவாரத்தில், 18ஆம் நூற்றாண்டின் பெர்லின் மருத்துவர் லீபர்க்யூன் விவரித்து அவர் பெயரையே பெற்றுவிட்ட நுண்குழிகள் உள்ளன. அக்குழிகளின் ஆழத்தில் பெரிய மணிகள் நிரம்பிய உயிரணுக்கள் இருப்பதை 1872இல் குஸ்டாவ் ஷ்வால்பே என்னும் ஜெர்மானிய உடற்கூறியலர் கண்டிருந்தாலும், அவை சுரக்கும் தொழிலுடையவை என்று 1888இல் விரிவாக எழுதியவர் வியன்னாவின் யோசப் பானெத். எர்ன்ஸ்ட் ப்ரூக்கேயின் உடலியங்கியல் நிறுவனத்தில் சிக்மண்ட் ஃபிராய்டுடன் பணியாற்றிய அவர், கட்டுரை வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், 32ஆம் வயதில், காசநோயால் இறந்தார். உளப்பகுப்பாய்வு நூல்களைப் படிப்போர் அவரை ஃபிராய்டின் கனவொன்றில் வந்துபோகும் நண்பராகவே அறிவார்கள். குடலை ஆராய்வோருக்கோ அவர் ஓர் உயிரணுவின் பெயர்.

அந்த மணிகளில் இருப்பது என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. தாமதத்திற்கு நுண்ணோக்கியை மட்டும் குறைகூற இயலாது; இயோசின் போன்ற சாயங்கள் அம்மணிகளைச் செக்கச்சிவக்கக் காட்டிக்கொண்டுதான் இருந்தன. குடல் என்றாலே செரிமானம் என்று கருதிய அக்கால உடலியங்கியல், அங்குள்ள சுரப்பு எதுவாயினும் அது உணவைச் சிதைக்கும் நொதியாகவே இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்ததே பெரிய தடை. பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற புரதத்தை 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் மூக்குச்சளியிலும் கண்ணீரிலும் விவரித்தபோதும், அதே பொருள் குடற்குழியின் அடியில் குவிந்திருக்கிறது என்பது 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும்தான் உறுதியாயிற்று. பாக்டீரியாவின் மென்சவ்வைத் துளைக்கும் டிஃபென்சின்கள் என்னும் சிறு புரதங்களின் வகையொன்றை எலியின் குடற்குழிகளில் 1989இலும், மனிதக் குடலின் பானெத் உயிரணுக்களில் 1992இலும் ஆய்வாளர்கள் கண்டறிந்தபின், செரிமானத் துணைவன் எனப்பட்ட உயிரணு காவலனாயிற்று.

இதற்கிடையில் வேறொரு பாதையில் அழற்சியின் குறிகைகள், அதாவது ஆபத்தை உயிரணுவின் உட்கருவுக்கு அறிவித்து எதிர்ப்பு மரபணுக்களை இயக்கும் வேதித் தொடர்கள், அறியப்பட்டு வந்தன. அவற்றின் மையத்திலுள்ள என்எஃப்-கப்பா பி என்ற புரதத்தை ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986இல் கண்டறிந்தது குடலில் அன்று. எதிர்ப்பொருள் உருவாக்கும் பி-உயிரணுக்களில். அப்புரதம் தூண்டி எழுப்பும் பொருள்களுள் ஒன்றான, 1990இல் விவரிக்கப்பட்ட ஏ20, யுபிக்விட்டின் என்னும் சிறு புரதக் குறியைக் கழற்றியும் மாற்றியும், தன்னை எழுப்பிய குறிகையையே அடக்குகிறது. ஏ20இன் மரபணு நீக்கப்பட்ட எலிகள் பல உறுப்புகளில் கடும் அழற்சி கண்டு இளமையிலேயே மடிந்ததை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்படியானால் குறிகையை முழுவதும் அணைத்துவிடுவதே நலம் என்று தோன்றலாம். ஆனால் 2007இல் குடலின் உட்பரப்பைப் போர்த்தும் புறப்படை உயிரணுக்களில் என்எஃப்-கப்பா பி இயங்கத் தேவையான நீமோ என்ற புரதத்தை மட்டும் நீக்கியபோது, எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சியே வந்தது. குறிகை குன்றிய உயிரணுக்கள் மடிந்ததால் தடுப்புச்சுவர் இடிந்து, பாக்டீரியா உட்புகுந்திருந்தது. குறிகை மிகினும் குறையினும் கேடு என்பதை இவ்வாய்வு போல் தெளிவாகக் காட்டியவை சிலவே. காவல் புரதங்களின் பணியும் கொல்வதோடு முடிவதில்லை: ரெக்-3 காமா என்ற மற்றொரு புரதம் எலியின் சிறுகுடற்சுவரிலிருந்து ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் தொலைவில் பாக்டீரியாவை நிறுத்துவதையும், அது இல்லாதபோது இடைவெளி சுருங்கி எதிர்ப்புக் குறிகைகள் எழுவதையும் 2011இல் கண்டனர்.

மனித நோயில் இக்கதை, குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயிடம் வந்து நிற்கிறது. பாக்டீரியாவின் சுவர்த்துண்டை உணரும் நாட்2 மரபணுவின் மாற்றங்கள் அந்நோய்க்கு வழிவகுக்கும் என்று 2001இல் இரு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. அம்மரபணு பானெத் உயிரணுக்களில் வெளிப்படுவதும் தெரியவந்தபின், அங்கு டிஃபென்சின் குறைவதே நோயின் தொடக்கம் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2004 முதல் வாதிட்டனர். 2008இல் ஓர் ஆஸ்திரேலியக் குழுவோ, அக்குறைவு நாட்2 மாற்றத்தோடு அன்றி அழற்சியோடே இணைந்திருப்பதாகவும், அழற்சி அரித்த புறப்படையின் விளைவே அது எனவும் மறுத்தது.