கன்னத்தில் முத்தமிட்டால் (இசைத்தொகுப்பு)

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்பது மணிரத்னத்தின் அதே பெயர்கொண்ட திரைப்படத்துக்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த பாடல் தொகுப்பு. பாடல்களை வைரமுத்து எழுதினார். சுஜாதாவின் ‘அமுதாவும் அவனும்’ சிறுகதையைத் தழுவிய படம் 2002 பெப்ரவரி 14 அன்று வெளியானது. அடுத்த எட்டு நாளில் இலங்கையில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாயிற்று.

படத்தின் கதைக்கு வேர் வட இலங்கையின் வன்னியில், மாங்குளத்தில் இருக்கிறது. ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் இந்தச் சந்தி நகரம் 1990இல் புலிகளிடமும், 1998இல் இராணுவத்திடமும், மறு ஆண்டே மீண்டும் புலிகளிடமும் கைமாறியது. அங்கிருந்து அகதியாக இராமேசுவரம் வந்த சியாமா பெற்ற பெண்குழந்தை சென்னையில் ஒரு குடும்பத்தில் வளர்கிறாள். தான் தத்துப்பிள்ளை என்ற உண்மை தெரிந்ததும் தாயைத் தேடிப் போகிறாள்.

ரகுமான் இளமையில் சென்னையின் ‘நெமிசிஸ் அவென்யூ’ ராக் குழுவிலும், டிரம்ஸ் சிவமணியோடு ‘ரூட்ஸ்’ குழுவிலும் கீபோர்டு வாசித்தவர். அந்த ராக் வேகம் இங்கே அடங்கியே இருக்கிறது. ‘சிக்னோரே சிக்னோரே’யில் மட்டும் இலங்கையின் பைலா இசையை நினைவூட்டும் துள்ளல் உண்டு. முல்லைத்தீவின் கோவலன் கூத்து மெட்டையோ, வன்னியின் நாட்டார் பாடலையோ தேடுவோருக்கு ஏமாற்றமே. இது கோடம்பாக்கம் கற்பனை செய்த ஈழம்.

ஆனால் ‘விடை கொடு எங்கள் நாடே’ அந்தக் குறையை மறக்கச் செய்கிறது. சனம் ஊரைவிட்டு வெளியேறும் காட்சிக்கான இப்பாடலில் எம். எஸ். விஸ்வநாதனின் முதிர்ந்த குரலை முன்னிறுத்தியதே ரகுமானின் சிறந்த முடிவு. பல்ராம், ஃபெபி, ஏ. ஆர். ரெஹானா, மாணிக்க விநாயகம் முதலியோர் உடன் பாட, தனியொருவரின் புலம்பல் ஊராரின் புலம்பலாகிறது. இடம்பெயர்வு வாழ்க்கையாகவே ஆகிவிட்ட வன்னிக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

‘ஒரு தெய்வம் தந்த பூவே’ இரு வடிவங்களில் உள்ளது. ஒன்றில் சின்மயி, மற்றதில் பி. ஜெயச்சந்திரன் முதன்மைக் குரல். சின்மயி திரைப் பாடகியாக அறிமுகமானது இப்பாடலில்தான். ‘சட்டென நனைந்தது நெஞ்சம்’ மின்மினியுடையது. அமைதி வேண்டும் ‘வெள்ளைப் பூக்கள்’ பாடலை ரகுமானே பாடினார்.

படம் பெற்ற 6 இந்திய தேசிய விருதுகளில் இரண்டு இத்தொகுப்புக்குரியவை: ரகுமானுக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருது (அவருடைய நான்காவது), ‘ஒரு தெய்வம் தந்த பூவே’க்காக வைரமுத்துவுக்குச் சிறந்த பாடலாசிரியர் விருது.