ஐஸ் ஹவுஸில் முளைத்த பள்ளிக்கூடம்

கிங்ஸ் சர்க்கிள் மகேஸ்வரி உத்யானைச் சுற்றிக் காலையில் நடக்கும்போது, புத்தகப் பையும் ரெட்டைப் பின்னலுமாகப் பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போவதைப் பார்க்கிறேன். நூறு வருஷங்களுக்கு முன் நம் அகங்களில் இது சுலபமாகக் கிடைத்த பாக்கியம் அல்ல. அதற்கு வழி வகுத்தவர்களில் சகோதரி சுப்பலட்சுமியை நாம் மறக்கலாகாது.

1886-ல் பிறந்தவர். பதினோரு வயதில் விவாகம், சீக்கிரமே வைதவ்யம். தகப்பனார் அவரை மூலையில் உட்கார்த்தாமல் படிக்க வைத்தார். 1911-ல் சென்னை பிரசிடென்சி காலேஜில் பி.ஏ. தேறினார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை அவரே.

1912-ல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் சில பால விதவைகளுடன் ஆரம்பித்த விடுதி, பின்னர் திருவல்லிக்கேணி கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய கிடங்கு அது. மரத்தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதில் பொதிந்தே அத்தனை தூரம் ஐஸ் வந்தது. 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். அரசாங்க விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் என்றிருந்ததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அவரே முதல்வரானார். அரசாங்க விடுதியில் வயது வரம்பு உண்டு. அதைத் தாண்டியவர்கள் எங்கே போவது? அவர்களுக்காகவே சங்கத்தின் சார்பில் சாரதா வித்யாலயா எழுந்தது. 1938-ல் அது ராமகிருஷ்ண மிஷன் வசம் ஒப்படைக்கப்பட்டது. இன்று தியாகராய நகரில் பெரிய பெண்கள் பள்ளியாக விளங்குகிறது. அன்று ஒதுக்கப்பட்டவர்களுக்கென ஏற்பட்டது, இன்று எல்லோர் வீட்டுப் பெண்களும் படிக்கும் இடம்.

அரசு உத்தியோகத்தில் இருந்துகொண்டே அவர் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தையும் ஆதரித்தார். சர்க்கார் வேலை பார்த்த எனக்கு அந்தத் துணிச்சலின் விலை தெரியும். 1958-ல் பத்மஸ்ரீ, 1969-ல் மறைவு.

என் பாட்டியின் தங்கை மனக்கணக்கில் புலி. பன்னிரண்டு வயதில் விதவை. கும்பகோணத்திலிருந்து ஓர் இரவு ரயில் பிரயாணத்தில் இந்தப் பள்ளி இருந்தது, யாரும் அனுப்பவில்லை. நார்மடிப் புடவையும் அடுக்களையுமாகவே காலம் கழிந்தது. பள்ளி கட்டினால் மட்டும் போதாது, அனுப்பும் மனசும் வேண்டும்.

உங்கள் அகத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே படித்தவர் யாரேனும் இருந்திருந்தால், அந்தக் கதையை எழுதி வையுங்கள்.