அந்நிய மீன்களும் சுதேச ஒட்டுண்ணிகளும்

ஒரு கடலுக்கே உரிய ஒட்டுண்ணிகள், வேறொரு சமுத்திரத்திலிருந்து வந்து அங்கே பெருகிவிட்ட மீனினத்தையும் பற்றி வாழத் தலைப்படுவது, உயிர்களின் ஆக்கிரமிப்பை ஆராய்வோர் விசேஷமாகக் கவனித்துவரும் நிகழ்ச்சியாகும்.

குடிபெயரும் மீன்கள் முதலில் சிறு தொகையாகவே வந்து சேர்வதாலும், பல உயிர்களில் மாறி மாறி வளரும் புழுக்களுக்கு வேண்டிய நத்தை முதலியன புதிய இடத்தில் கிடைக்காமற் போவதாலும், தாயகத்தில் அவற்றைப் பீடித்த ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. பல்வேறு வகுப்புகளைச் சேர்ந்த 26 விலங்கினங்களை ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, தாயகத்தில் சராசரியாக 16 வகை ஒட்டுண்ணிகளைத் தாங்கிய இனத்துடன் 3-க்கும் குறைவான வகைகளே புதிய இடத்தில் நிலைபெற்றன. அங்கே புதிதாகப் பற்றியவை சுமார் 4 மட்டுமே.

இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய சிங்கமீன் இதற்குத் தக்க உதாரணம். 1985-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாக் கரையருகே காணப்பட்ட அம்மீன், 2004-இல் பஹாமாஸ் தீவுகளையும் பின்னர் கரீபியக் கடலையும் மெக்சிகோ வளைகுடாவையும் எட்டியது. அதை முதலில் அண்டியவை, ஒரே இனத்தை நம்பி வாழும் ஒட்டுண்ணிகள் அல்ல. எம்மீனையும் தள்ளாத பொது ஒட்டுண்ணிகளே. அவற்றுள் அட்டை போன்றவை வெளியிலிருந்து உடலில் ஒட்டிக்கொள்கின்றன. புழுக்களின் இளம் பருவங்களோ, சிங்கமீன் முழுதாக விழுங்கும் சிறு மீன், இறால் ஆகியவற்றின் வழியே குடலை அடைகின்றன.

எனினும், சுதேச ஒட்டுண்ணிகள் அளித்த வரவேற்பு தாராளமானதன்று. நேத்தியிடு என்னும் எள்ளளவான ஓட்டுடலி, இளமையில் மும்முறை மீனின் இரத்தத்தை உறிஞ்சி, இடையிடையே பவளப்பாறையில் ஒளிந்து, முதிர்ந்தபின் உணவே கொள்ளாதது. சிங்கமீன்களையும் மற்ற மீன்களையும் கூண்டிலிட்டு இரவில் கடலில் வைத்துப் பார்த்தபோது, சிங்கமீனின்மேல் இவை மிகக் குறைவாகவே இருந்தன; 2014-இல் வெளியான அவ்வாராய்ச்சி, சிங்கமீனின் தாயகத்தைச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் கடலிலும் அவ்வாறே கண்டதால், அந்த எதிர்ப்புத்திறனைப் புதிய கடல் அளித்த சலுகையாகக் கொள்வதற்கில்லை.

விளைவு இருவகைப்படலாம். புதிய மீனுள் ஒட்டுண்ணி செழித்துப் பெருகுமாயின், அது சுதேச மீன்களுக்கே திரும்பி அவற்றின் சுமையை அதிகப்படுத்தும். அதனுள் நுழைந்தும் முதிராமல் மடியுமாயின், அச்சுமை குறையும். சிங்கமீனைப் பொறுத்தவரை, இதுவரை சேர்ந்த ஒட்டுண்ணிகள் அதன் பெருக்கத்தைத் தடுத்ததாகத் தெரியவில்லை. ஆதலால் அங்குள்ளோர் இன்றும் முக்குளிப்பவரின் ஈட்டியையே பிரதான உபாயமாகக் கொண்டுள்ளனர்.