சாக்கு உடுத்த காலமும் துணி மலிந்த காலமும்

பசித்தவன் தன் பசியைப் பிறர் அறியாமல் மறைத்துக்கொள்ளலாம். உடையற்றவனால் தன் வறுமையை மறைக்க முடியாது. அதனாலன்றோ ஆடை ஈதலைச் சோறிடுதலோடு ஒப்ப வைத்தனர் நம் முன்னோர்! வியர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைக்கப்பட்ட கந்தையோடு வந்த பொருநனுக்குக் கரிகாலன், பாம்பின் உரி போன்ற நுண்ணிய ஆடையை வழங்கியதாகப் பொருநராற்றுப்படை கூறுகிறது. தனக்கு வேண்டாததை அவன் தள்ளிவிடவில்லை. பொருநனின் மானத்துக்கு வேண்டியதை அளித்தான். பழந்துணி வழங்க முற்படும் நாம் முதலில் உணர வேண்டிய வேறுபாடு இதுவே.

பினாங்குத் தீவும் அதன் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தும் துணியின் அருமையை நன்கு அறிந்த இடங்கள். 1786-இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைந்தபின், நாகப்பட்டினம், நாகூர் முதலிய சோழமண்டலக் கரை ஊர்களிலிருந்து வந்த வணிகர்கள் தமிழ்நாட்டுத் துணியை இங்கே விற்றனர். எதிர்க்கரையில், 1843 முதல் 1855 வரை ஆளுநராக இருந்த பட்டர்வொர்த்தின் பெயரால் ஓர் ஊர் எழுந்தது. அவ்வட்டாரத்துக் கரும்பு, ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். இங்கிலாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த துணி நின்றுபோயிற்று. கடைகளில் எஞ்சிய துணியின் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. கிழிந்ததைத் தைத்து, தைத்ததும் கிழிந்தபின், மலாயாவின் தோட்டப்புற மக்கள் பலர் கோணிச்சாக்கை உடுத்தினர். சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருள்ளும் சாக்கையே ஆடையாகக் கொண்டோர் இருந்தனர். தமிழ்நாட்டுத் துணியால் வாணிகம் வளர்ந்த நாட்டில் தமிழன் சாக்கு உடுத்த நேர்ந்தது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வரும்வரை ஒரு முழத் துணியும் செல்வமாகவே மதிக்கப்பட்டது.

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. ஜப்பானியர் கழித்த ஆடைகள் கட்டுக்கட்டாக மலேசியாவுக்கு வந்து இறங்குகின்றன; ‘பண்டல்’ கடைகளில் அவை மலிவாக விற்கப்படுகின்றன. நம் வீட்டு அலமாரிகளிலும் உடுத்தாத உடைகள் நிறைந்து கிடக்கின்றன. இவற்றை இல்லாதோர்க்குக் கொடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் அந்த எண்ணம் முன்னரே ஒரு பெரிய விவாதத்துக்கு உள்ளாயிற்று.

1921 ஜூலை 31-இல் பம்பாயில் காந்தியடிகள் அந்நியத் துணிகளைக் குவித்து எரியூட்டினார். ஆடையற்ற ஏழைகள் மலிந்த நாட்டில் துணியை எரிப்பது முறையா என்று தாகூர் போன்ற பெரியோர் வினவினர். ஏழைக்கு முதலில் வேண்டுவது வேலை. பிறர் கழித்த துணியை அவன்மீது போடுவது அவனை இழிவுபடுத்துவதாகும் என்பது காந்தியடிகள் தந்த விடையின் சாரம். அவ்வாண்டு செப்டம்பர் 22-இல் மதுரையில் அவரே அரையாடைக்கு மாறினார். இவ்விருவரில் யார் பக்கம் நியாயம்? இரு பக்கமும் உண்டு என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டின.

2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை பினாங்கிலும் உயிர்களைக் கொண்டது. நாகப்பட்டினம் மாவட்டத்திலோ 6,000-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. பல ஊர்களிலிருந்தும் பழந்துணி மூட்டைகள் அங்கே வந்து குவிந்தன. அழுக்கும் கிழிசலும், மீனவக் குடும்பங்கள் உடுத்தும் வழக்கமில்லாத உடைகளும் அவற்றில் கலந்திருந்தன. அம்மக்கள் அவற்றை ஏற்கவில்லை. துணிகள் தெருவோரங்களில் கிடந்து மட்கின. காந்தியடிகளின் எச்சரிக்கை மெய்யாயிற்று.

எனினும் மாற்றுவழி இல்லாமற் போகவில்லை. 1999-இல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ என்னும் அமைப்பு, நகரத்தார் தரும் துணியைத் தரம் பிரித்துச் சீராக்குகிறது. கிராம மக்கள் தம் ஊருக்குக் கிணறோ பாதையோ அமைத்து, அவ்வுழைப்புக்கு ஈடாக அத்துணியைப் பெறுகின்றனர். உடுத்த இயலாத பருத்தித் துணி, பெண்களின் மாதவிலக்குக் காலத்துக்கு உதவும் துணியாக மாற்றப்படுகிறது. குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. வேலையும் ஆடையும் இங்கே ஒன்றுசேர்ந்தன. பெறுவோரின் தலை குனியவில்லை.

எதுவும் எப்படியாவது ஆலைக்குப் போய் மீண்டும் புதுத் துணியாகிவிடும் என்று நம்பி இருப்பதும் பிழை. ஆடைக்குப் பயன்படும் மூலப்பொருளில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே மீண்டும் ஆடையாகிறது என்று எலன் மக்கார்தர் அறநிலையம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பருத்தித் துணியைக் கிழித்து நாராக்கினால் இழை குறுகி வலுவிழக்கும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியைப் பிரிப்பதோ மிகக் கடினம். ஆதலால் துணியைத் துணியாகவே நெடுநாள் பயன்படுத்துவதே சிறந்த வழி.

பட்டர்வொர்த்துக் கோயில்களும் பள்ளிகளும் சங்கங்களும் தீபாவளிக்கு முன்னதாகத் துணி சேர்க்கும் பணியை மேற்கொள்ளலாம். கொடுப்போர் துணியைத் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துத் தருக. சேர்ப்போர் இன்னார்க்கு இன்னது வேண்டும் என்று கேட்டறிந்த பின்னரே வழங்குக. கிழிந்தவை பட்டறைகளுக்குத் துடைதுணியாகட்டும். நாமே உடுத்த நாணும் ஒன்றைப் பிறர்க்கு நீட்டாதிருப்போமாக. சாக்கு உடுத்தும் நிலைக்கு ஆளான மக்களின் வழிவந்தோர்க்கு இதைச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டுமா?