லாக் ஆஸ்பத்திரி: சிப்பாயின் நோயும் பெண்ணின் உடலும்

ராணுவ மருத்துவத்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் கிருமியில் தொடங்கி மருந்தில் முடிப்பார்கள். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதே கண்டோன்மெண்டுகளில் இருந்த லாக் ஆஸ்பத்திரிகளைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

1857 எழுச்சிக்குப் பிறகு இங்கே வெள்ளைச் சிப்பாய்களின் எண்ணிக்கை கூட்டப்பட்டது. 1863இல் வந்த அரச ஆணைய அறிக்கை, அவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாவதாகக் கணக்குச் சொன்னது. பெரும்பாலும் குண்டடி பட்டு அல்ல. காய்ச்சல், பேதி, காலரா. இவற்றுக்கெல்லாம் குடிநீர், சாக்கடை, காற்றோட்டம் என்று யோசித்த அதிகாரம், மேகநோய்க்கு மட்டும் போலீஸ் மூளையோடு யோசித்தது. 1864இல் கண்டோன்மெண்ட் சட்டம், 1868இல் தொற்றுநோய்ச் சட்டம். பெண்ணைப் பதிவு செய். குறித்த நாளில் பரிசோதி. நோய் கண்டால் உள்ளே போடு. அவளிடம் வந்து போன சிப்பாயைப் பரிசோதிக்கச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

சரி, உள்ளே போட்டு என்ன செய்தார்கள்? பாதரசம்தான். சால்வர்சான் வந்தது 1910இல். பென்சிலினால் மேகப்புண் குணமாகும் என்று தெரிந்தது 1943இல். ஆக, குணமாக்கும் மருந்தே இல்லாத ஆஸ்பத்திரி. (பெயர் லண்டனிலிருந்து வந்தது, அதற்குப் பூட்டு என்று பொருளில்லை என்பார்கள். இங்கே பொருள் அதுவாகத்தான் ஆயிற்று.) நம்மவர்கள் இந்த நோயைப் 'பறங்கிப்புண்' என்றார்கள். கப்பலேறி வந்தது யார் என்பதில் மொழிக்குச் சந்தேகமில்லை. சட்டமோ நோயின் ஊற்றை நாட்டுப் பெண்ணின் உடலில் கண்டுபிடித்தது.

1886 ஜூனில் தலைமைத் தளபதி ராபர்ட்ஸின் பேரில் ஒரு சுற்றறிக்கை போனது: பெண்கள் போதுமான அளவு இருக்க வேண்டும், லட்சணமாகவும் இருக்க வேண்டும். விஷயம் லண்டனில் வெளியாகி நாறியது. ஜோசஃபைன் பட்லர் முதலானோரின் இயக்கம் ஏற்கனவே நெருக்கிக்கொண்டிருந்தது. 1888இல் சட்டம் ரத்தானது. ஆனால் 1891-92இல் எலிசபெத் ஆண்ட்ரூ, கேத்தரின் புஷ்னெல் என்ற இரு அமெரிக்கப் பெண்கள் கண்டோன்மெண்டுகளைச் சுற்றிப் பார்த்தபோது பரிசோதனை பழையபடியே நடந்துகொண்டிருந்தது. இவர்கள் கிறித்துவ ஒழுக்கவாதிகள். அந்த ஒழுக்கத்தோடு எனக்கு ஒட்டுறவில்லை. ஆனாலும் அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசியவர்கள் இவர்கள்தானே. ராணுவ டாக்டர்களின் ஆண்டறிக்கைகளில் அவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள். போனால் போகிறதென்று, பதிவுக்குச் சிக்காமல் ஓடிவிடுகிறார்கள் என்ற புகாராகவும்.

1986இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, ரத்தம் எடுக்கப்பட்டது காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடமிருந்து. தொற்று இருந்தது என்பதற்காகவே சிலரை வெளியே விடவில்லை. 1990இல் உயர்நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.